அழ மறுத்த கரண்டம்மா

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வரி எழுதுகிறேன் என்று தெரிந்தால் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் மயங்கி விழுவார்கள். மீதிப் பேர், ஏதோ சொத்து கைமாறியிருக்கிறது என்று முடிவுகட்டுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மாடியில் அவள், கீழே நாங்கள். மொட்டைமாடிக் கொடியில் யார் துணி முதலில் காய வேண்டும் என்று நாங்கள் இருவரும் போட்ட சண்டைகளைத் தெருவே நின்று கேட்டிருக்கிறது. அந்த நான்தான் சொல்கிறேன்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் போய் அவள் செய்துவிட்டு வந்தது சரி. அதனால் அவளுக்குக் கிடைத்தது நஷ்டம்தான். இருந்தாலும் சரி.

வீட்டில் அவளுக்குப் பேர் பாப்பா. நாற்பது தாண்டிவிட்டது, காதோரம் நரைத்துவிட்டது, ஆனால் கடைக்குட்டி என்பதால் என் கணவருக்கு அவள் இன்னும் பாப்பாதான். பேட்டரிக் கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே போனை எடுத்து, சாப்பிட்டியா பாப்பா என்று கொஞ்சுவார். கேட்கிறவர்கள் ஏதோ பள்ளிக்கூடம் போகிற குழந்தை என்று நினைத்துக்கொள்வார்கள். ஊருக்கு அவள் கரண்டம்மா. மின்சார ஆபீசில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கையிலிருக்கும் மெஷினில் ஏற்றுவாள்.

அந்த வேலைக்கென்று ஒரு நடை உண்டு. எங்கள் ஊர் வீடுகளில் மீட்டர் முன்பக்கம் இருக்காது. பக்கவாட்டுச் சந்திலோ பின்சுவரிலோ இருக்கும். அதனால் அவள் யார் வீட்டு முன்கதவையும் தட்டியதில்லை. பக்கத்து கேட்டைத் திறந்துகொண்டே "கரண்ட்" என்று ஒரு குரல். நேரே பின்பக்கம். பெட்டி மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டியது, வெளியே வர வேண்டியது. வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பதற்குள் அவள் அடுத்த வீட்டில் இருப்பாள். முன்பக்கம் பெயின்ட் அடித்துப் பூந்தொட்டி வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தில் எதையெல்லாம் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, முகத்துக்கு நேரே யார் இனிக்க இனிக்கப் பேசினாலும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அவளுக்குக் கோபம் வருவதற்குப் பெரிய வார்த்தையெல்லாம் தேவையில்லை. "பாவம்" என்ற ஒரு சொல் போதும். கல்யாணம் வேண்டாம் என்று அவளாகத்தான் சொன்னாள். அவளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் இதை நம்பினால்தானே? ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் என் கணவரின் பெரியம்மா இவள் முதுகைத் தடவி, பாவம் தனியாகக் கிடக்கிறாள் என்று உச்சுக்கொட்டினார். பாப்பா இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க வீடு நிறைய ஆளோட இருக்கீங்க பெரியம்மா, ஒருத்தராவது உங்ககிட்ட பேசறாங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெரியம்மாவைச் சமாதானப்படுத்த என் கணவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரிமாறிக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்னும் பெரிது.

எங்கள் ஊர் ஓரத்தில் ஓர் அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ஒரு பெரிய பள்ளத்தில் தேக்கி வைத்திருக்கிறார்கள். அது காய்ந்த பிறகு காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் கொடியில் கிடக்கும் வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூசிக்கொள்ளும். நான் மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்பவள். காற்று திரும்பிய நாளில் எந்த மருந்தை எடுத்து முன்னால் வைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாப்பா அதே மின்சாரத்துக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்கிறவள். தபால் வழியில் வரலாறு எம்.ஏ. படித்தாள், எதற்கு என்று கேட்டதற்கு, நடக்கும்போது யோசிப்பதற்கு ஏதாவது வேண்டாமா என்றாள். பிறகு, எந்தெந்தத் தெருக்காரர்கள் துணியை வெளியே காயப்போடுவதையே விட்டுவிட்டார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினாள். ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. அதை ஒரு கல்லூரி ஆசிரியர் ஆங்கிலத்தில் போட, அது எங்கெங்கோ சுற்றி ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கண்ணில் பட்டது. கோடைகால வகுப்புக்கு வாருங்கள், போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு என்று அழைத்தார்கள்.

படிப்பின் பேர் சூழலும் மானுடமும். அது என்ன படிப்பு என்று என் கணவர் கேட்டார். ஆற்றையும் காற்றையும் கருவி வைத்து அளக்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆற்றங்கரையில் இருந்த மனிதர்கள் என்ன பேசினார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள், எதை மறந்தார்கள் என்று பார்ப்பது இது என்று பாப்பா விளக்கினாள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா இந்த வயசுல உனக்கு சம்மர் கேம்ப்" என்றார்.

ஆபீசில் லீவு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவளுடைய அதிகாரி கெட்டவர் இல்லை, ஆனால் விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர். படிப்பு முடித்ததற்கான சான்றிதழைக் கொண்டுவந்தால் படிப்பு விடுப்பு. இல்லையென்றால் சொல்லாமல் ஓடிப்போனதாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும், சர்வீஸ் முறிந்துவிடும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பதவி உயர்வு பின்னால் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். சான்றிதழ்தானே, வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்தால் தரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தினமும் போன் வந்துவிடும். ஊரில் இருந்தவரை மாடிப்படி இறங்கி வந்து என்னோடு பேச மாட்டாள்; கடல் தாண்டிப் போனதும் அண்ணி, அண்ணி என்று ஆரம்பித்தாள். விடுதி அறையில் இரண்டு கட்டில். ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். பொதுச் சமையலறையில் ஃபிரிட்ஜ் தட்டு ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டியிருந்தார்களாம். அறைத் தோழி சின்ன வயசுக்காரி, பழங்காலத்து மாலுமிகள் காற்றைப் பற்றி என்ன எழுதி வைத்தார்கள் என்று ஆராய்கிறவள். பாப்பா அவளுக்குக் காற்றுக்காரி என்று பேர் வைத்துவிட்டாள். நல்ல பெண், ஆனால் ஈரத் துண்டைக் கட்டில்மேலேயே போடுகிறாள் என்று என்னிடம் குறை சொன்னாள். நான் அதே குறையைப் பாப்பாவைப் பற்றி என் கணவரிடம் சொல்லி வருஷக்கணக்காகிறது.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து, இங்கே எதை ஆராயப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். பாப்பா பாடம் பண்ணி வைத்திருந்தாள். இந்த ஊரில் ஒரு ஆறு இருக்கிறதாமே, அதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொல்வதாக இருந்தாள். அவள் முறை வந்ததும் தலைமைப் பேராசிரியை அவளை எழுந்திருக்க விடவில்லை. அவரே வந்து அவள் தோளில் கை வைத்து, இவர் சாம்பல் மழைக்குள் வாழ்கிறவர், நம்மிடம் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்று அறிமுகப்படுத்தினார். வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டதாம்.

"ஐசியூவுல கண்ணாடி வழியா பார்ப்பாங்கல்ல அண்ணி, அப்படிப் பாத்தாங்க" என்றாள். குரலே சரியில்லை.

அதற்குப் பிறகுதான் நிகழ்ச்சி நிரலை ஒழுங்காகப் பார்த்திருக்கிறாள். கடைசி நாள் காலையில் பெரிய அரங்கில் ஆய்வுக் கட்டுரைகள். ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும், சபை கேள்வி கேட்கும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் வேறு ஒரு கூடத்தில் "சாட்சிகளின் மாலை". விளக்கைக் குறைத்துவிடுவார்கள். பாதிக்கப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் மட்டும் தங்கள் கதையைச் சொல்வார்கள். மரியாதையை முன்னிட்டு யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பாப்பாவின் பேர் சாயங்காலத்தில்தான் இருந்தது. காலைப் பட்டியலில் இல்லை.

பாப்பாவுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்ற அந்த வரிதான் சுருக்கென்று தைத்தது. மற்றவர்கள் சொல்வதில் தப்பு இருந்தால் கேட்பார்கள். இவளிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். அப்படியென்றால் காலையில் பேசுகிறவர்கள் படிக்க வந்தவர்கள், இவள் அவர்களுக்குப் படிப்பு. எனக்கு இதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. தூர தேசத்திலும் அந்தப் பெரியம்மாவே உட்கார்ந்து உச்சுக்கொட்டுகிற மாதிரி இருந்தது.

உடனே அவள் ஒன்றும் சண்டை போடவில்லை. காலையில் வாசிக்கத் தகுந்த மாதிரி ஒன்றை எழுதிக் காட்டிவிட்டால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினாள். அந்த ஊர் ஆறு ரொம்பப் பிரசித்தமாம். ரொம்ப காலமாக சிமென்ட் வாய்க்காலுக்குள் அடைபட்டுக் கிடந்ததை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கரையெல்லாம் நாணலும் நடைபாதையும். மாணவர்களை அழைத்துப் போய், ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கரையோரம் நடங்கள், ஆறு சொல்வதைக் கேளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். பாப்பாவும் நின்று பார்த்தாள். ஆறு அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கால் தன்னால் நடக்க ஆரம்பித்தது.

இங்கேதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். உலகத்தில் மீட்டர் பார்க்கிறவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கரைக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகள். வீடுகளுக்கு நடுவில் சந்து. ஏதோ யோசனையில் சந்துக்குள் திரும்பி, ஒரு வீட்டின் பக்கத்து கேட்டைத் திறந்து, "கரண்ட்" என்று குரலும் கொடுத்துவிட்டு, நேரே பின்சுவருக்குப் போய்ச் சுவரிலிருந்த ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டாள். உள்ளே கடிதங்கள் கிடந்தன. அது தபால் பெட்டி, அந்த வீடுகளுக்குத் தபால் சந்து வழியாகத்தான் வருமாம். அப்போதுதான் எந்த நாட்டில் நிற்கிறோம் என்ற நினைப்பே வந்ததாம்.

அதற்குள் வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷோடு வெளியே வந்துவிட்டார். வயசானவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கையும் களவுமாகப் பிடிபட்ட பாப்பாவுக்கு அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது: எலெக்ட்ரிக். டிரைவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பில் அதிகமாக வருகிறது என்று மின்சாரக் கம்பெனிக்குப் புகார் மேல் புகார் போட்டு அலுத்துப்போயிருந்தவர். கடைசியில் ஒரு மனுஷியை அனுப்பிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு, வாங்க வாங்க என்று நிலவறைக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கெல்லாம் மீட்டரை ஆபீசில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடுவார்களாம், ஆள் வருவதே கிடையாதாம். இவள் வேலை அந்த ஊரில் இல்லவே இல்லை.

நிலவறையில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றை அவிழ்த்து விட்டதிலிருந்து தரைக்குள் தண்ணீர் ஊறுகிறது, இதை நிறுத்தினால் என் வாஷிங் மெஷின் மிதக்கும், கரையில் நடக்கிறவர்களுக்கு நாணல், எனக்கு இந்த உறுமல் என்று டிரைவர் பொரிந்து தள்ளினார். பாப்பாவுக்கு அது பழகிய பாட்டு. தினம் நாலு வீட்டில் பில்லைப் பற்றித் திட்டு வாங்குகிறவள் அல்லவா? தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்த பிறகுதான், நான் கம்பெனி ஆள் இல்லை, பல்கலைக்கழக மாணவி என்று உண்மையைச் சொன்னாள்.

டிரைவருக்கு வந்த கோபம் நியாயமான கோபம். அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டுவிட்டார். உங்கள் ஆள் ஒருத்தி மின்சாரக் கம்பெனி என்று பொய் சொல்லி என் வீட்டுக்குள் புகுந்துவிட்டாள் என்று.

பேராசிரியை அவளைக் கூப்பிட்டு விட்டார். கத்தவில்லை. அனுமதி இல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் போவது ஆய்வு நெறிக்கு எவ்வளவு விரோதம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பாப்பா வாதாடவில்லை, தப்பு தன் பேரில்தான் என்று ஒப்புக்கொண்டாள். மறுநாளே அந்த வீட்டுக்குப் போய், பழக்கமே இல்லாத காரியமாக முன்கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டாள். உங்கள் நிலவறையைப் பற்றி எழுதலாமா என்று முறைப்படி அனுமதியும் கேட்டாள். டிரைவர் அவளை வாசலிலேயே நிற்கவைத்து வேண்டிய மட்டும் யோசித்துவிட்டு, பேர் போடாமல் எழுதிக்கொள் என்றார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டுப் பார்த்தாள். சிலர் கதவைத் திறந்தார்கள், சிலர் முகத்திலேயே சாத்தினார்கள்.

எழுதி முடித்து, காலையில் வாசிக்க எனக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று பேராசிரியையிடம் கொண்டுபோனாள். அவர் படித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் உங்களை வரவழைத்த நிதி சாட்சிகளுக்கான நிதி, நீங்கள் மாலையில் பேசினால்தான் படிப்பு முடிந்ததாகச் சான்றிதழ் தர முடியும், காலையில் சேர்க்க வழியே இல்லை என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வலியை நாங்கள் கேட்க வேண்டும், அது எங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்று மனசாரச் சொன்னார்.

"எனக்கு வலிக்கல மேடம். கோபமா இருக்கு" என்றாள் பாப்பா. "வெளக்கை அணைச்சுட்டு கோபத்த கேக்க முடியாது. எதிர்ல உக்காந்து பதில் சொல்லணும்."

மாலையில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அப்புறம்தான் வீட்டுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டோம். என் கணவருக்கு ஒன்றுமே புரியவில்லை. சாம்பல் விழுவது உண்மைதானே, அதைச் சொல்ல என்ன வெட்கம், பத்து நிமிஷம் பேசிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வா, பதவி உயர்வு போனால் திரும்ப வருமா என்று அண்ணனாகக் கெஞ்சினார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. பாப்பா மறுபக்கம் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் விட்டால் சரி என்று சொல்லிவிடுவாள் போலிருந்தது.

எனக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் என்னோடு மல்லுக்கு நின்றவள், இரங்கல் கூட்டத்தில் உட்கார்த்தி வைப்பதற்கு இணங்கிப் போவதா? போனைப் பிடுங்கி ஸ்பீக்கரை அணைத்தேன்.

"இங்க பாரு. அழறதுன்னா நான் நல்லா அழுவேன், உனக்கு வராது. வராததை எதுக்கு செய்யற? காலையிலயே பேசு. எப்படிப் பேசுவியோ தெரியாது, பேசு. ஆபீஸ்ல என்ன வந்தாலும் பாத்துக்கலாம்."

"நெஜமாவா அண்ணி?"

"உனக்கு ப்ரமோஷன் வந்தா நீ மாடியில இன்னொரு ரூம் கட்டுவ. எனக்கு வெயில் போயிடும். அதனாலதான் சொல்றேன்" என்றேன். அவள் சிரித்தது எனக்கு இங்கே கேட்டது. போனை வைத்த பிறகு என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

கடைசி நாள் காலை நிகழ்ச்சியை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டினார்கள். எங்களுக்கு மத்தியானம். அவர் கடையை அடைத்துவிட்டு வந்தார், நான் லீவு சொல்லிவிட்டேன். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். பெரிய அரங்கம், படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் இருக்கைகள். ஒருவர் பின் ஒருவராக வாசித்தார்கள். அப்போது ஒன்றும் விளங்கவில்லை; யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பாப்பா பிறகு வந்து சொன்னது. ஆனால் ஒவ்வொருவர் முடித்ததும் கை உயர்வதும், கேள்வி வருவதும், வாசித்தவர் தடுமாறுவதும் புரிந்தது. பாப்பா மூன்றாவது வரிசையில் ஊர் சேலையைக் கட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாகக் காற்றுக்காரி வாசித்தாள். முடித்ததும் பேராசிரியை, இனி கேள்விகள் என்று சபையைப் பார்த்தார். பாப்பா கையைத் தூக்கினாள். மைக் அவளிடம் வந்தது.

"என் கேள்வி கொஞ்சம் நீளம்" என்றாள். சிரித்தார்கள். அவள் பையிலிருந்து தாள்களை எடுத்ததும் சிரிப்பு நின்றது. பேராசிரியைக்குப் புரிந்துவிட்டது. இது கேள்வி நேரம், வாசிப்பதற்கு இல்லை என்றார். மேடையில் நின்ற காற்றுக்காரி குறுக்கிட்டாள். இது எனக்கான கேள்வி நேரம், இதை நான் இவருக்குக் கொடுக்கிறேன் என்றாள். முன்னால் பேசி வைத்துக்கொண்டார்களா என்று பிறகு கேட்டேன். இல்லையாம். ஈரத் துண்டுப் புகாரை அன்றோடு பாப்பா வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், கடைசியில் தலையை அசைத்தார். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அதை இங்கே சொல்லாமல் விட்டால் நான் நியாயமில்லாதவள்.

பாப்பாவின் ஆங்கிலம் மெதுவாகத்தான் போகும், ஆனால் நிற்காது. கரைக்குப் பின்னால் இருக்கும் வீடுகளைப் பற்றி வாசித்தாள். ஆற்றை விடுவித்ததை அவள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விடுதலையைக் கட்டிக் காக்க நிலவறைகளில் பம்புகள் ஓயாமல் ஓடுகின்றன, அழகு முன்பக்கம் வந்து நிற்கும்போது அதன் சுமை பின்பக்கச் சுவரில் ஏறிவிடுகிறது, ஆறு என்ன சொல்கிறது என்று கேட்கிறவர்கள் அந்தச் சந்துக்குள்ளும் போய்க் கேட்க வேண்டும் என்பது அவள் வாதம். எங்கள் ஊர் பேரைச் சொல்லவில்லை. சாம்பல் என்ற சொல்லே வரவில்லை. முடித்துவிட்டு உட்காராமல் நின்றாள். நின்றுகொண்டு சபையைப் பார்த்தாள்.

ஒரு கைகூடக் கேள்விக்கு உயரவில்லை. சிலர் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார்கள். போச்சு என்று நினைத்தேன். இங்கேயும் அதையே செய்யப் போகிறார்கள், பாவம் என்று கைதட்டி அனுப்பிவிடப் போகிறார்கள்.

அப்போது மேல்வரிசையில், காதில் வளையம் போட்ட ஒரு பையன் கையைத் தூக்கினான். அந்த ஊர்க்காரன், நகர வரலாறு ஆராய்கிறவன். மன்னியுங்கள், நீங்கள் சொல்வது தப்பு என்றான். ஆற்றை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே அந்த வீடுகளில் தண்ணீர் ஊறிக்கொண்டுதான் இருந்தது, பழைய செய்தித்தாள்களில் இருக்கிறது. கோபமாக இருக்கும் ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள், அவர் சொல்வதை ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டான்.

"எந்த வருஷத்து பேப்பர்?" என்றாள் பாப்பா.

அவன் சொன்னான். அப்போது ஊறிய தண்ணீருக்கு பம்ப் ஓயாமல் ஓடியதா, எப்போதாவது ஓடியதா என்று இவள் கேட்டாள். அது தெரியாது என்றான். தெரியாமல் எப்படித் தப்பு என்கிறீர்கள் என்றாள். நீங்களும் தெரியாமல்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று அவன் திருப்பினான். அவள் தன் தாள்களை அவசரமாகப் புரட்டினாள். அதற்குள் இன்னொரு பெண்மணி எழுந்து, இவர் வீட்டுக்காரர்களை மட்டும் பார்க்கிறார், வாடகைக்கு இருப்பவர்களைக் காணோமே என்றார். வேறொருவர் அவரை மறுத்தார். பேராசிரியை சாப்பாட்டு நேரம் என்று நினைவூட்டினார், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மைக் கை மாறிக்கொண்டே இருந்தது.

என் கணவர் கலவரமாகிவிட்டார். "ஏன் எல்லாரும் சேந்து பாப்பாவ திட்றாங்க?"

"திட்டலைங்க" என்றேன். "கேக்கறாங்க."

சொல்லும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுவதில் நான் கெட்டிக்காரி என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். திரையில் பாப்பா முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க வாதாடிக்கொண்டிருந்தாள். அவள் கட்டுரையைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமான முகத்தோடு அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் அவள் மேடை ஏறவில்லை. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மற்ற சாட்சிகள் சொன்னதைக் கேட்டாள். வெளியே வந்ததும் அவர்களில் ஒருவரைப் பிடித்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாளாம். அந்த மனிதர் கூடத்தில் பேசியதைவிட நடைக்கூடத்தில்தான் அதிகம் பேசினார் என்றாள். சான்றிதழ் தரவில்லை. பேராசிரியை விமான நிலையம்வரை வந்து வழியனுப்பி, எனக்கு உங்கள் மேல் வருத்தம்தான் என்று வெளிப்படையாகச் சொன்னாராம். வருத்தம் இருக்கட்டும் மேடம், அது இருக்கிற வரைக்கும் நாம் பேசிக்கொள்ளலாம் என்று இவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் ஊர் வந்து சேர்ந்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நம் கஷ்டத்தையெல்லாம் அங்கே எடுத்துச் சொன்னாயா என்று பெரியம்மா கேட்டார். "இல்ல பெரியம்மா, அவங்க கஷ்டத்த எழுதிட்டு வந்தேன்" என்றாள். பெரியம்மாவுக்கு அது பிடிபடவில்லை. வாங்கி வந்த சாக்லேட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். சண்டை வந்தால் துணைக்கு ஆள் வேண்டாமா? அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். சான்றிதழ் இல்லை என்றதும், சர்வீஸ் முறிவுக்கான தாளை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்ல மனசில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு தூரம் போயிட்டு வெறுங்கையோட வந்திருக்கீங்களேம்மா. அங்க என்னதான் சொன்னாங்க?"

"நான் எழுதினது தப்புன்னு சொன்னாங்க சார்."

அவர் முகம் மாறியது. உச்சுக்கொட்டுவதற்கு அவர் உதடு குவிவதை நானே பார்த்தேன். பாப்பா அதற்கு நேரம் கொடுக்கவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாலு பேரு சொன்னாங்க. நான் இன்னும் ஒத்துக்கல. எங்க சார் கையெழுத்து போடணும்?"